காலநிலை மாதிரிகளைப் புரிந்துகொள்வது எப்படி? தொடக்கநிலையினருக்கான முழுமையான வழிகாட்டி

“இந்த நூற்றாண்டின் இறுதியில் உலக வெப்பநிலை 2.7 டிகிரி உயர்ந்திருக்கும்” என்று செய்தியில் படிக்கிறோம். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், சூப்பர் கம்ப்யூட்டர் கணித்தது என்ற ஒரு வரிதான் பதிலாகக் கிடைக்கிறது. நம்புகிறவர்கள் அதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். நம்பாதவர்கள் ஜோசியம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரு தரப்பும் அந்தக் கணக்கைத் திறந்து பார்ப்பதில்லை.

திறந்து பார்க்க முடியும் என்பதே இந்த வழிகாட்டி சொல்லவரும் செய்தி. காலநிலை மாதிரியின் அடித்தளம் பள்ளி இயற்பியலில் இருக்கிறது. ஒரு கால்குலேட்டரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் அதன் முதல் சில தளங்களை நீங்களே கட்டிவிடலாம். கட்டிப் பார்த்தவருக்கு, எதை உறுதியாக நம்பலாம், எங்கே கேள்வி கேட்க வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

## படி 1: வானிலையையும் காலநிலையையும் பிரித்துக்கொள்ளுங்கள்

பத்து நாள் கழித்து மழை வருமா என்றே சரியாகச் சொல்ல முடியாதவர்கள், 2100-ஆம் ஆண்டைப் பற்றி எப்படிப் பேசலாம்? எல்லோருக்கும் வரும் நியாயமான கேள்வி இது.

அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் 1963-இல் காட்டியபடி, காற்றுமண்டலத்தின் இன்றைய நிலையை அளப்பதில் ஏற்படும் மிகச் சிறிய பிழைகூட நாளுக்கு நாள் பெருகிக்கொண்டே போகும். அதனால் ஒரு குறிப்பிட்ட நாளின் வானிலையைச் சுமார் இரண்டு வாரங்களுக்கு மேல் முன்கூட்டிச் சொல்ல இயலாது.

காலநிலை என்பது நீண்டகாலச் சராசரி. உலக வானிலை அமைப்பு அதற்கு 30 ஆண்டுகளை அளவாக வைத்திருக்கிறது. அடுத்த மே மாதம் 10-ஆம் தேதி உங்கள் ஊரில் எத்தனை டிகிரி வெயில் அடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஜனவரியைவிட மே சூடாக இருக்கும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அதைத் தீர்மானிப்பது சூரியனிடமிருந்து வரும் வெப்பத்தின் அளவு. காலநிலை மாதிரிகள் கேட்பதும் இந்த இரண்டாம் வகைக் கேள்வியைத்தான்: பூமிக்குள் வரும் ஆற்றலும் வெளியேறும் ஆற்றலும் மாறினால் நீண்டகாலச் சராசரி என்ன ஆகும்?

## படி 2: பூமியின் வரவு செலவை எழுதுங்கள்

பூமிக்கு ஒரே ஒரு பெரிய வரவு உண்டு. அது சூரிய ஒளி. பெரிய செலவும் ஒன்றுதான். அது பூமி விண்வெளிக்கு அனுப்பும் அகச்சிவப்புக் கதிர்வீச்சு. இரண்டும் சமமாகும்வரை வெப்பநிலை மாறிக்கொண்டே இருக்கும். இந்த ஒரு வரியிலிருந்து முதல் மாதிரி பிறக்கிறது.

வரவு: பூமியின் தூரத்தில், சூரியனுக்கு நேர் எதிரே இருக்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது சுமார் 1361 வாட் ஒளி விழுகிறது. பூமி உருண்டை என்பதாலும், பாதிப் பகுதி எப்போதும் இரவில் இருப்பதாலும், முழுப் பரப்புக்கும் பகிர்ந்தால் நான்கில் ஒரு பங்கு, அதாவது 340 வாட் கிடைக்கிறது. மேகங்களும் பனியும் பாலைவனங்களும் ஏறக்குறைய 30 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. மிஞ்சுவது 238 வாட்.

செலவு: சூடான பொருள் வெளியிடும் ஆற்றல் அதன் வெப்பநிலையின் நான்காம் படிக்கு ஏற்ப உயரும். இதற்கு ஸ்டீபன்–போல்ட்ஸ்மான் விதி என்று பெயர்.

இனிக் கால்குலேட்டரை எடுங்கள்:

1. 238-ஐ, அந்த விதியின் மாறிலியில் உள்ள 5.67-ஆல் வகுங்கள். 41.97 வரும்.
2. வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள். 2.545 வரும்.
3. அதை 100-ஆல் பெருக்குங்கள். 254.5 கெல்வின்.

அதாவது சுமார் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். ஆனால் பூமியின் தரைப்பரப்புச் சராசரி ஏறக்குறைய 15 டிகிரி. கணக்குக்கும் நிஜத்துக்கும் இடையே 33 டிகிரி இடைவெளி விழுகிறது. நாம் விட்டுவிட்ட ஏதோ ஒன்று பூமியை உறையாமல் காத்துவருகிறது. அதைத் தேடுவதுதான் அடுத்த படி.

கூடுதல் பயிற்சி: வெள்ளிக் கோளுக்கு 238-க்குப் பதில் 156 என்று போட்டுப் பாருங்கள். அதன் அடர்ந்த மேகங்கள் பெரும்பகுதி ஒளியைத் திருப்பி அனுப்புவதால் அந்தக் கோள் உள்வாங்கும் ஆற்றல் பூமியைவிடக் குறைவு. விடை மைனஸ் 44 டிகிரி. ஆனால் அங்கே தரையின் உண்மையான வெப்பநிலை 460 டிகிரிக்கு மேல். அதன் காற்றுமண்டலம் ஏறக்குறைய முழுவதும் கரியமில வாயு.

## படி 3: வாயுக்களைச் சேருங்கள்

1856-இல் யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்தார். கரியமில வாயு இருந்த குழாய் மற்றவற்றைவிட அதிகம் சூடானது. ஆறவும் அதற்கு அதிக நேரம் பிடித்தது. 1859-இல் லண்டனில் ஜான் டிண்டால் இன்னும் துல்லியமாக அளந்தார். காற்றின் பெரும்பகுதியான நைட்ரஜனும் ஆக்சிஜனும் அகச்சிவப்புக் கதிரை அப்படியே கடக்க விட்டன. சிறு அளவில் இருக்கும் நீராவியும் கரியமில வாயுவும் அதை உறிஞ்சின. அந்த 33 டிகிரிக்கு விடை கிடைத்துவிட்டது.

1896-இல் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஸ்வாந்தே அரீனியஸ் கையாலேயே நீண்ட கணக்குகளைப் போட்டு, கரியமில வாயு இரு மடங்கானால் பூமி 5 அல்லது 6 டிகிரி சூடாகும் என்றார். எண் சற்று அதிகம்தான். ஆனால் திசை சரி. 1958-இல் ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் தொடர் அளவீட்டைத் தொடங்கியபோது, காற்றில் பத்து லட்சம் மூலக்கூறுகளுக்கு சுமார் 315 கரியமில வாயு மூலக்கூறுகள் இருந்தன. தொழிற்புரட்சிக்கு முன் அது 280. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. கூடியது நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததால்தான் என்பதை அந்தக் கார்பனின் ஐசோடோப்புகளே காட்டிக்கொடுக்கின்றன.

இந்த வாயு எவ்வளவு ஆற்றலைத் தடுக்கிறது? அதற்கும் எளிய சூத்திரம் இருக்கிறது: புதிய அளவைப் பழைய அளவால் வகுத்து, அதன் இயல் மடக்கையை 5.35-ஆல் பெருக்க வேண்டும். 420-ஐ 280-ஆல் வகுத்தால் 1.5. அதன் இயல் மடக்கை 0.405. விடை ஒரு சதுர மீட்டருக்கு 2.2 வாட். இரு மடங்காக்கினால் 3.7 வாட். அண்மைய மதிப்பீடுகள் இதைச் சற்று உயர்த்தி 3.9 என்கின்றன.

இப்போது படி 2-இன் கணக்கை 238-க்குப் பதில் 241.7 வைத்து மறுபடி போடுங்கள். விடை 255.5 வரும். கரியமில வாயு இரு மடங்கானால் பூமி ஒரு டிகிரி சூடாகும் என்பது இதன் பொருள். அப்படியானால் அறிஞர்கள் சுமார் மூன்று டிகிரி என்று ஏன் சொல்கிறார்கள்?

## படி 4: பின்னூட்டங்களைக் கவனியுங்கள்

சூடாகும் பூமி தன்னையே மாற்றிக்கொள்கிறது. அந்த மாற்றம் சூட்டை மேலும் கூட்டலாம், குறைக்கலாம். இதையே பின்னூட்டம் என்கிறோம். முதன்மையானவை மூன்று:

- நீராவி: ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும். நீராவியும் பசுமை இல்ல வாயு என்பதால் சூடு கூடும். இதுவே மிக வலிமையான பின்னூட்டம்.
- பனி: வெண்பனி உருகினால் கருமையான கடல்நீரும் மண்ணும் வெளிப்பட்டு அதிக ஒளியை உள்வாங்கும்.
- மேகம்: தாழ்ந்த, அடர்ந்த மேகம் ஒளியைத் திருப்பி அனுப்பிக் குளிர்விக்கும். உயர்ந்த, மெல்லிய மேகம் வெப்பத்தைப் பிடித்துவைத்துச் சூடாக்கும். சூடான உலகில் எது எங்கே கூடும் என்பதே இத்துறையின் மிகக் கடினமான கேள்வி.

1967-இல் அமெரிக்காவில் சுகுரோ மனாபேவும் ரிச்சர்ட் வெதரால்டும் நீராவிப் பின்னூட்டத்தைச் சேர்த்துக் கணினியில் கணக்கிட்டனர். காற்றுமண்டலத்தை ஒரே ஒரு நெடுந்தூணாக மட்டும் எடுத்துக்கொண்ட மாதிரி அது. கரியமில வாயு இரு மடங்கானால் இரண்டு டிகிரிக்குச் சற்று மேல் சூடாகும் என்றது. கூடவே, கீழ்க்காற்று சூடாகும்போது மேலே அடுக்குமண்டலம் குளிரும் என்றும் சொன்னது. செயற்கைக்கோள்களும் பலூன்களும் பிற்பாடு அதையே அளந்தன. வெப்பமாதலுக்குச் சூரியன் காரணமாக இருந்தால் மேலடுக்கும் சேர்ந்து சூடாகியிருக்க வேண்டும். மனாபேவுக்கு 2021-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

கரியமில வாயு இரு மடங்கானபின் பூமி சமநிலைக்கு வரும்போது எத்தனை டிகிரி கூடியிருக்கும் என்பதை ‘காலநிலை உணர்திறன்’ என்கிறார்கள். 1979-இல் ஜூல் சார்னி தலைமையிலான குழு அதை 1.5 முதல் 4.5 டிகிரி என்று மதிப்பிட்டது. 2021-இல் ஐபிசிசி எனப்படும் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு, 2.5 முதல் 4 டிகிரி இருக்க வாய்ப்பு அதிகம் என்றும், சிறந்த மதிப்பீடு 3 என்றும் அறிவித்தது. இந்த வீச்சைக் குறுக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனதற்கு மேகங்களே பெரிய காரணம்.

## படி 5: காலத்தை ஓடவிடுங்கள்

இதுவரை போட்டது இறுதி நிலையின் கணக்கு. ஆண்டுக்கு ஆண்டு என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு எக்செல் தாள் போதும்.

1. முதல் கட்டத்தில் வெப்ப உயர்வாக 0 என்று எழுதுங்கள்.
2. அதை 1.23-ஆல் பெருக்கி, 3.7-இலிருந்து கழியுங்கள். அந்த ஆண்டு பூமியில் தங்கும் உபரி ஆற்றல் இதுதான்.
3. உபரியை 9-ஆல் வகுத்து, பழைய வெப்ப உயர்வோடு கூட்டுங்கள். இது அடுத்த ஆண்டின் எண்.
4. சூத்திரத்தை 50 வரிசைக்குக் கீழே இழுங்கள்.

3.7 என்பது இரு மடங்கான கரியமில வாயு தடுக்கும் வாட். 1.23 என்பது ஒரு டிகிரி சூட்டுக்குப் பூமி கூடுதலாக வெளியேற்றும் வாட். பின்னூட்டங்கள் எல்லாம் இந்த எண்ணுக்குள் அடங்கியிருக்கின்றன. 9 என்பது கடலின் மேல் நூறு மீட்டரைச் சூடாக்குவதற்கான ஏறத்தாழ அளவு. ஏழாம் ஆண்டில் 1.9 டிகிரியும், இருபத்தைந்தாம் ஆண்டில் 2.9 டிகிரியும் வந்து, மெல்ல 3-ஐ நெருங்குவதைப் பார்ப்பீர்கள்.

1.23-ஐ 0.9 ஆக்குங்கள், பிறகு 1.5 ஆக்குங்கள். இறுதி விடை எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். அறிஞர்கள் பேசும் நிச்சயமின்மையின் பெரும்பகுதி இந்த ஒரு எண்ணில்தான் இருக்கிறது. உண்மையான பூமி இந்தத் தாளைவிட மிக மெதுவாக நகரும். உபரி வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடல் விழுங்குகிறது. ஆழ்கடல் முழுதும் சூடாகப் பல நூற்றாண்டுகள் ஆகும்.

## படி 6: பூமியைக் கட்டங்களாகப் பிரியுங்கள்

நம் மாதிரியில் பூமி ஒரு புள்ளி. அதில் பருவமழை இல்லை, கடல் நீரோட்டம் இல்லை. அவை வேண்டுமென்றால் காற்றின் நகர்வுச் சமன்பாடுகளைக் கட்டம் கட்டமாகத் தீர்க்க வேண்டும்.

இதை முதலில் முயன்றவர் ஆங்கிலேயர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். முதல் உலகப் போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் பணியில் இருந்தபடியே, ஆறு மணி நேர வானிலை மாற்றத்தைக் கையால் கணக்கிட்டார். காற்றழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் உயரும் என்று விடை வந்தது. உண்மையில் அது ஏறக்குறைய அசையவே இல்லை. தோற்ற கணக்கை அவர் 1922-இல் மறைக்காமல் நூலாக வெளியிட்டார். அவர் வகுத்த வழியில்தான் 1950-இல் எனியாக் கணினியில் முதல் வெற்றிகரமான முன்கணிப்பு ஓடியது. 1956-இல் நார்மன் பிலிப்ஸ் காற்றுமண்டலத்தின் பொதுச் சுழற்சியைக் கணினிக்குள் உருவாக்கினார். 1969-இல் மனாபேவும் கிர்க் பிரையனும் காற்றையும் கடலையும் ஒரே மாதிரியில் இணைத்தனர்.

இன்றைய உலகளாவிய மாதிரிகளில் ஒரு கட்டம் பெரும்பாலும் 100 கிலோமீட்டர் அகலம் கொண்டது. கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் கணக்கு வேலை குறைந்தது எட்டு மடங்காகிவிடும். ஒரு மழைமேகமோ சில கிலோமீட்டர்தான் இருக்கும், கட்டத்தில் அது தெரியாது. அதனால், இவ்வளவு ஈரமும் வெப்பமும் இருந்தால் சராசரியாக இவ்வளவு மேகம் உண்டாகும் என்று தனி விதி எழுதிச் சேர்க்கிறார்கள். மாதிரிகள் ஒன்றுக்கொன்று மாறுபடுவது பெரும்பாலும் இந்த விதிகளில்தான்.

காற்று, கடல், கடற்பனி, நிலம் நான்கும் இருந்தால் அது காலநிலை மாதிரி. காடுகளும் கடல் நுண்ணுயிர்களும் கரியமில வாயுவை வாங்கி விடுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் அது புவி அமைப்பு மாதிரி. மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய பாதியை நிலமும் கடலும் எடுத்துக்கொள்கின்றன. அந்த உதவி எதிர்காலத்திலும் இதே அளவில் தொடருமா என்ற கேள்விக்குப் புவி அமைப்பு மாதிரியால் மட்டுமே விடை தேட முடியும்.

## படி 7: மாதிரியைச் சோதியுங்கள்

ஒரு மாதிரியை நம்பும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

முன்கூட்டிச் சொன்னது நடந்ததா? 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்து, சூரிய ஒளியை மறைக்கும் கந்தகப் படலத்தை அடுக்குமண்டலத்துக்குள் வீசியது. நாசாவின் ஜேம்ஸ் ஹான்சென் குழு தன் மாதிரியை ஓட்டி, உலகம் சுமார் அரை டிகிரி தற்காலிகமாகக் குளிரும் என்று வெளியிட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஏறக்குறைய அதுவே நடந்தது.

காரணத்தைப் பிரித்துக் காட்டுகிறதா? இருபதாம் நூற்றாண்டை எரிமலை, சூரியன் ஆகிய இயற்கைக் காரணங்களை மட்டும் வைத்து ஓட்டினால், இன்று அளக்கப்படும் வெப்பம் வருவதில்லை. மனிதர் உமிழ்வைச் சேர்த்தால்தான் வருகிறது. இந்தக் கைரேகை முறையை வளர்த்த ஜெர்மன் அறிஞர் கிளாவ்ஸ் ஹாசல்மான், மனாபேவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

எங்கே தவறுகிறது? உலகச் சராசரியில் மாதிரிகள் வலுவானவை. வட்டார மழையில் பலவீனமானவை. இந்திய நிலப்பரப்பில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையைப் பல மாதிரிகள் உண்மையைவிடக் குறைத்தே காட்டுகின்றன. அண்மைய தலைமுறையில் சில மாதிரிகளின் உணர்திறன் 5 டிகிரியைத் தாண்டியது. பழங்காலச் சான்றுகளோடும் நேரடி அளவீடுகளோடும் ஒப்பிட்டபோது அது பொருந்தவில்லை. அதனால் ஐபிசிசி தன் 2021 அறிக்கையில் மாதிரிகளின் சராசரியை அப்படியே எடுக்காமல், மற்றச் சான்றுகளோடு சேர்த்து எடைபோட்டே எண்களைத் தந்தது. பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும் இந்த வழக்கம்தான் இத்துறையின் பலம்.

## படி 8: எதிர்காலப் பாதைகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

உலகம் எவ்வளவு எரிக்கும் என்பதை எந்த மாதிரியும் சொல்வதில்லை. “இவ்வளவு எரித்தால் இது நடக்கும்” என்றுதான் சொல்கிறது. அதற்காக ஐந்து முதன்மைப் பாதைகளை வகுத்திருக்கிறார்கள். 1850–1900 சராசரியோடு ஒப்பிட்டால், 2081–2100 காலத்துக்கான சிறந்த மதிப்பீடுகள் இவை:

- மிகக் குறைந்த உமிழ்வு: 1.4 டிகிரி
- குறைந்த உமிழ்வு: 1.8 டிகிரி
- நடுத்தர உமிழ்வு: 2.7 டிகிரி
- அதிக உமிழ்வு: 3.6 டிகிரி
- மிக அதிக உமிழ்வு: 4.4 டிகிரி

தொடக்கத்தில் நாம் பார்த்த 2.7 எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். அது நடுத்தரப் பாதையின் விடை. ஆகவே ஒரு செய்தியில் எண்ணைப் பார்த்தவுடன் கேட்க வேண்டியவை: எந்தப் பாதை? எந்த ஆண்டுகளோடு ஒப்பீடு? ஒரு மாதிரியா, பல மாதிரிகளா? வீச்சு எவ்வளவு? கடைசிக் கேள்விக்கு விடையில்லாத செய்தியைப் பாதிச் செய்தியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

## படி 9: நம் வட்டாரத்துக்கு வாருங்கள்

புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் இந்தியாவின் முதல் புவி அமைப்பு மாதிரியை உருவாக்கி, உலக நாடுகளின் மாதிரிகளை ஒப்பிடும் ஆறாவது சுற்றில் பங்கேற்றது. மத்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1901–2018 காலத்தில் இந்தியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரி உயர்ந்தது. 1951–2015 காலத்தில் வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ ஒரு டிகிரி சூடானது. அதே காலத்தில் தென்மேற்குப் பருவமழை சுமார் 6 விழுக்காடு குறைந்தது.

சூடான காற்று அதிக ஈரம் தாங்கும் என்றால் மழை ஏன் குறைந்தது? காற்றில் மிதக்கும் புகையும் தூசியும் வெயிலை மறைத்து நிலத்தைக் குளிர்வித்தன, நிலத்துக்கும் கடலுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு தளர்ந்தது என்பது முக்கியமான விளக்கம். இந்தியப் பெருங்கடலின் மேல் படர்ந்திருந்த இந்தப் பழுப்புப் படலத்தை 1999-இல் பன்னாட்டுக் குழுவோடு ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன். குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃப்ளூரோகார்பன் கரியமில வாயுவைவிடப் பல ஆயிரம் மடங்கு வலிமையான பசுமை இல்ல வாயு என்று 1975-இல் காட்டியவரும் அவரே.

மாவட்ட அளவில் முடிவெடுக்க வேண்டியவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். நூறு கிலோமீட்டர்க் கட்டத்தின் பரப்பு 10,000 சதுர கிலோமீட்டர். கன்னியாகுமரி மாவட்டம் 1,700-க்கும் குறைவு. மலையும் கடலும் வயலும் ஒரே சராசரிக்குள் கரைந்துவிடும். எனவே உலக மாதிரியின் விடையை நேராக ஊருக்குப் பொருத்தாமல், நுண்கட்ட வட்டார மாதிரிகளையும் உள்ளூர் மழைப் பதிவுகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

## படி 10: மேலே செல்ல

ஐபிசிசியின் ஊடாடும் வரைபடத் தொகுப்பு இணையத்தில் இலவசம். எந்தப் பாதைக்கும் எந்த வட்டாரத்துக்கும் வெப்பமும் மழையும் எப்படி மாறும் என்று அதில் பார்க்கலாம். அளவீடுகள் வேண்டுமென்றால் நாசாவும் ஐரோப்பாவின் கோபர்நிகஸ் சேவையும் தரவுகளைத் திறந்துவைத்திருக்கின்றன. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் பைத்தானில் ‘கிளைம்லேப்’ தொகுப்பைக் கொண்டு, நாம் எக்செலில் போட்ட கணக்கை அடுக்கடுக்காக வளர்க்கலாம்.

ஆனால் அதற்கு முன், புவி அமைப்பு மாதிரிகள் நமக்குத் தந்த மிக முக்கியமான கண்டுபிடிப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் எக்செல் தாளில் கரியமில வாயு ஒரே அளவில் நின்ற பிறகும் வெப்பம் ஏறிக்கொண்டே போனது. அதைப் பார்க்கும் எவருக்கும், இனி என்ன செய்தும் பயனில்லை என்று தோன்றலாம். கார்பன் சுழற்சியையும் சேர்த்து ஓட்டியபோது வேறொரு விடை கிடைத்தது. உமிழ்வை முற்றிலும் நிறுத்தினால், கடலும் காடும் கரியமில வாயுவைத் தொடர்ந்து உறிஞ்சுவதால் அதன் அளவு குறையத் தொடங்கும். அந்தக் குறைவு, கடலிலிருந்து வரவேண்டிய மீதி வெப்ப உயர்வை ஏறக்குறைய ஈடுகட்டிவிடும். உலக வெப்பநிலை அங்கேயே பெரும்பாலும் நின்றுவிடும்.

இதன் மறுபக்கமும் அதே அளவு தெளிவானது. வெளியிடும் ஒவ்வொரு லட்சம் கோடி டன் கரியமில வாயுவும் பூமியைச் சுமார் 0.45 டிகிரி சூடாக்கும். எப்போது வெளியிட்டாலும் மொத்தம்தான் கணக்கு. எனவே “காலம் கடந்துவிட்டது” என்பதும் தவறு, “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பதும் தவறு. எரிக்காமல் விட்ட ஒவ்வொரு டன்னும் நாளைய வெப்பத்தில் நிச்சயமாகக் குறையும். எங்கே நிற்பது என்பதை மாதிரிகள் தீர்மானிப்பதில்லை. அது நம் கையில் இருக்கிறது.